கமுதிப் பலகைகளும் கூடங்குளத்து உலைகளும்

எங்கள் பக்கத்து விசேஷ வீடுகளில் மின்சாரப் பேச்சு வந்தால் இரண்டு சந்தேகங்கள் தவறாமல் எழும். சோலார் கம்பெனிக்காரர்கள் நிலத்தை வளைத்துப்போடத்தான் வந்திருக்கிறார்கள் என்பது ஒன்று. கூடங்குளத்தில் எது நடந்தாலும் நமக்குச் சொல்லமாட்டார்கள் என்பது மற்றொன்று. இவற்றை அறியாமை என்று படித்தவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு மனம் வருவதில்லை.

மதுரைக்குத் தெற்கே, மழையை நம்பி மிளகாயும் பருத்தியும் விளைகிற கமுதி வட்டாரத்தில், ஏறத்தாழ 2,500 ஏக்கரில் அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் செயல்படத் தொடங்கியது. அதன் மின்சாரத்தை யூனிட்டுக்கு 7.01 ரூபாய் வீதம் 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள மின்வாரியம் 2015-இல் ஒப்பந்தம் செய்தது. அது ஏலத்தில் வந்த விலையன்று, மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை. 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சூரிய மின் பூங்காவுக்கு நடந்த ஏலத்திலோ விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. இடையில் சூரிய ஒளிப் பலகைகளின் விலை சரிந்ததும், ராஜஸ்தானில் வெயில் கூடுதல் என்பதும் உண்மைதான் என்றாலும், அந்த வித்தியாசத்தைக் கால் நூற்றாண்டுக்குச் சுமக்கப்போவது யார் என்பதற்கு யாரும் ஊரறியப் பதில் சொல்லவில்லை. “வெயில் சும்மாதானே கிடைக்குது, அப்புறம் கரண்டு பில்லு ஏன் குறையல?” என்று கேட்கும் விவசாயிக்கு இந்த எண்கள் தெரியாமலிருக்கலாம், கேள்வி என்னவோ அதேதான். பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கெரியும் நேரத்தில் பலகைகள் ஓய்ந்துவிடுவதால் வாரியம் வேறிடத்தில் மின்சாரம் வாங்க வேண்டியிருக்கிறது என்ற பதில் அதில் ஒரு பாதிதான்.

கூடங்குளத்து விஷயத்தில் மதுரைக்காரர்களாகிய நாங்கள் நியாயமாக நடந்துகொண்டோம் என்று சொல்ல முடியாது. 2012-இல் பகலிலும் இரவிலும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது, உலையைச் சீக்கிரம் திறந்தால் போதும் என்பதே தெருவில் பேச்சு. ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் கூடங்குளத்துக்குப் பக்கத்து இடிந்தகரையில் திரண்ட மீனவ மக்கள் கேட்டவற்றைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. அவர்களில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் பாய்ந்ததும் இங்கே பெரிய செய்தியாக இல்லை. உலையின் பொறியியலை நான் அதிகம் சந்தேகிப்பதில்லை. எரிபொருள் உருகினால் தாங்கிப் பிடிக்கும் அமைப்பும், மின்சாரமின்றியே வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பும் அதில் உண்டு. ஆனால் 2019 அக்டோபரில் கணினித் தாக்குதல் பற்றிய செய்தி பரவியபோது, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நிலையம் மறுத்த மறுநாளே, கணினியில் தீநிரல் (மால்வேர்) கண்டறியப்பட்டது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. பாதிப்பு நிர்வாக வலையமைப்போடு நின்றது, உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் அதிலிருந்து விலகியே இருந்தன என்ற விளக்கத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

இப்படி ஓரிடத்தில் இழந்த நம்பிக்கைக்கு வேறிடத்தில் விலை கொடுக்க நேர்கிறது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகம் அணு உலையுமில்லை, கழிவுக் கிடங்குமில்லை. வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகள்களை மலைக்கடியில் பதிவுசெய்வதே அதன் வேலை. இருந்தும், அணுக் கழிவைக் கொட்டத்தான் மலையைக் குடைகிறார்கள் என்ற பேச்சு அந்தப் பக்கமெங்கும் பரவியது. வெடிவைத்துக் குடைவதால் மலைக்கும் காட்டுக்கும் என்னாகும் என்ற உருப்படியான கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப்போனதுதான் எனக்கு வருத்தம்.

யாரிடமிருந்து, என்ன விலைக்கு, எவ்வளவு மின்சாரம் வாங்கப்படுகிறது என்ற விவரம் ஒழுங்குமுறை ஆணையத்தின் தடித்த ஆங்கில உத்தரவுகளுக்குள் இருக்கத்தான் செய்கிறது. அதைத் தமிழில் ஒரே பக்கமாகச் சுருக்கி, மின்கட்டணம் செலுத்தும் இடங்களில் ஆண்டுதோறும் ஒட்டிவைக்க மின்வாரியத்துக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. கூடங்குளத்தைச் சுற்றி அளக்கப்படும் கதிரியக்க அளவுகளையும் அப்படியே அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் மாதந்தோறும் எழுதிவைக்கலாம்.