கிழிந்த இருபது டாலர்

விடியற்காலை ஐந்து மணிக்கு ஜன்னலுக்கு நேராக ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறவர்களிடமிருந்து தப்பிக்கத்தான் உசிலம்பட்டியை விட்டு வந்தேன் என்று சொன்னால் அது முழுப் பொய் ஆகாது. கம்போடியாவின் தலைநகர் நொம்பென் வந்த நாலாவது மாதம், ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே ஐந்து மணி, அதே சத்தம். மொழி மட்டும் வேறு.

ஜன்னலைத் திறந்தேன். தெருவைக் காணோம். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ரோஸ் கலர் பந்தல். மழை ஓய்ந்து நவம்பர் பிறந்துவிட்டால் இங்கே தெருவுக்குத் தெரு இப்படிப் பந்தல் முளைக்கும். வண்டிக்காரர்களும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, முணுமுணுக்காமல் வேறு சந்தில் திரும்பிப் போய்விடுவார்கள். வெள்ளையும் கறுப்புமாகத் துணி கட்டியிருந்தால் துக்க வீடு. ரோஸ், மஞ்சள் என்றால் கல்யாணம். என் ஸ்கூட்டர் பந்தலுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அதன் சீட்டின் மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள்.

பந்தலால் எனக்கு ஒரு லாபமும் இருந்தது. இந்த ஊரில் தெருக்களுக்கு நம்பர் போட்டது பிரமாதமான ஒழுங்கு: ஒற்றைப்படை எண்கள் வடக்கு தெற்காக ஓடும், இரட்டைப்படை கிழக்கு மேற்காக. அந்த ஒழுங்கையெல்லாம் தெருவோடு முடித்துக்கொண்டு வீட்டு நம்பரை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். எங்கள் தெருவிலேயே என் வீட்டு நம்பரில் மூன்று வீடுகள். அன்றைக்கு மட்டும் டுக்டுக்காரரிடம் "ரோஸ் பந்தல்" என்றேன், நேராக வந்து நிறுத்தினார். அந்த டுக்டுக், நம்மூர் பஜாஜ் ஆட்டோதான். மீட்டருக்கு மேல் கேட்காத பஜாஜ் ஆட்டோவை உட்கார்ந்து பார்க்க நான் கம்போடியா வரை வரவேண்டியிருந்தது.

கல்யாணம் கீழ்வீட்டில். வீட்டுக்காரம்மாவின் மகளுக்கு.

வீட்டுக்காரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர். மேலும் கீழும் ஒரே பூப்போட்ட பைஜாமா செட்டில் காலையில் மார்க்கெட் போவார், மதியம் பேங்க் போவார், சாயங்காலம் அதே செட்டில் வாசலில் உட்கார்ந்து காற்று வாங்குவார். நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகும் தேசத்தில் பிறந்தவனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. துண்டு இல்லையே என்பதுதான் முதலில் உறுத்தியது.

வந்த முதல் நாள் அவரை மரியாதையாக "யேய்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. யேய் என்றால் பாட்டியாம். க்மேர்க்காரர்கள், அதாவது இந்த ஊர் மக்கள், உறவுமுறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். மூத்தவர் போங், இளையவர் ஓன், சித்தப்பா வயதுக்காரர் பூ, சித்தி வயதுக்காரர் மிங். அதற்கு வயது தெரிந்தாக வேண்டும் என்பதால், பார்த்த இரண்டாவது நிமிடத்தில் வயசு என்ன, மூன்றாவது நிமிடத்தில் கல்யாணம் ஆச்சா. "இல்லை" என்று சொல்லக்கூடாது, "நௌ" என்று சொல்ல வேண்டும். இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். என் பெரியம்மாகூட இந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு வாய் காபி கொடுப்பார். முப்பத்தாறு என்றதும் வீட்டுக்காரம்மா என்னைக் க்மூய், அதாவது அக்கா தங்கை பிள்ளை முறை, என்று முடிவுகட்டினார். அன்றிலிருந்து அவர் எனக்கு மிங்.

மிங்கிடமிருந்துதான் மொழி கற்றேன். எதிர்ப்பட்டால் "ஞாம் பாய் ஹாய் நௌ?" என்பார். பாய் என்றால் சோறு. "சாப்பிட்டாச்சா" என்பதுதான் கேள்வி. பாயைத் தின்றாயா என்று கேட்பதாகவே என் காதில் ஒரு வாரம் விழுந்தது. போனில் பேசும்போது அவர் "சா... சா... சா..." என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எதிர்முனையில் யாரை இப்படிச் சபிக்கிறார் என்று பயந்தேன். பிறகு புரிந்தது, சா என்றால் ஆமாம். நானும் எல்லாவற்றுக்கும் "சா" போட ஆரம்பித்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு டுக்டுக்காரர் வண்டியை ஓரம் கட்டிச் சிரித்துவிட்டுச் சொன்னார்: சா என்பது பெண்கள் சொல்கிற ஆமாம். ஆண் பிள்ளை "பாட்" என்று சொல்ல வேண்டும். அதுவரை ஆபீஸில் மானேஜரிடம் எத்தனை தடவை "ஆமாங்கய்யா" என்பதைக் கொஞ்சிச் சொல்லியிருக்கிறேனோ.

கல்யாணத்துக்கு வருகிறேன். ஆறரை மணிக்குக் கீழே இறங்கினேன், நாற்காலியை எடுத்துவிட்டு ஸ்கூட்டரை மீட்கலாம் என்று. பட்டுப் பாவாடையும் லேஸ் ரவிக்கையும் கொண்டையும் ஒட்டிய கண்ணிமை முடியுமாக ஒரு அம்மா வழியை மறித்தார். மணமகன் வீட்டுப் பெரிய இடம் போலிருக்கிறது என்று நெற்றி வரை கை கூப்பினேன். இவர்கள் கும்பிடும் கைக்கு உயரக் கணக்கு உண்டு. ஆள் பெரியவராகப் பெரியவராகக் கை மேலே ஏறும். நான் ஏற்றிய உயரம் பிக்குகளுக்கும் மேலே உள்ளவர்களுக்கானது. அந்த அம்மா, "என்ன க்மூய், குளித்தாயா இல்லையா?" என்றார். மிங்! பைஜாமா இல்லாமல் அவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

கையில் ஒரு தட்டைத் திணித்தார். மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டுகளோடு ஊர்வலமாக வரவேண்டும். இருவர் இருவராக, இரண்டு பக்கமும் ஒரே பழம். நம்மூர் சீர்வரிசையேதான். ஜோடியில் ஓர் ஆள் குறைகிறதாம். பெண் வீட்டில் குடியிருந்துகொண்டு மாப்பிள்ளை கட்சியில் சேருவது தர்மமா என்று கேட்க மொழி போதவில்லை. தெருமுனை வரை போய், வரிசையில் நின்று, அதே தெருவில் திரும்பி, சற்றுமுன் நான் இறங்கிவந்த வீட்டுக்கே அன்னாசிப்பழத்தோடு விருந்தாளியாக வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் விருந்து. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

இந்த நாட்டில் ரியெலும் ஓடும், டாலரும் ஓடும். பொல் பொட் என்ற சர்வாதிகாரியின் ஆட்சி 1975-ல் பணம் என்பதையே ஒழித்தது. 1980-ல் ரியெல் திரும்பி வந்தது, 1992-93-ல் ஐ.நா. படையோடு வந்த டாலர் அப்படியே தங்கிவிட்டது. டாலருக்குச் சுமார் 4,000 ரியெல். கடையில் டாலர் கொடுத்தால் சில்லறை ரியெலில் வரும். கசங்கி, மீன் வாசனையோடு, சுருட்டிய நிலையில் ரியெல் நோட்டை வாங்குகிற அதே கடைக்காரர், டாலரை மட்டும் மாப்பிள்ளை பார்ப்பது போல வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். என்னிடம் ஒரு இருபது டாலர் நோட்டு இருந்தது. ஓரத்தில் ஒரு அரிசி நீளத்துக்குக் கிழிசல். காபிக் கடை, பெட்ரோல் பங்க், மருந்துக் கடை எல்லாவற்றிலும் திரும்பி வந்தது. மார்க்கெட்டில் பணம் மாற்றுகிறவர் இரண்டு டாலர் கழித்துக்கொள்கிறேன் என்றார். மனசு வரவில்லை.

செல்லாத நோட்டுக்குப் போக்கிடம் இரண்டு, கோயில் உண்டியலும் மொய்க் கவரும் என்பது என் சித்தப்பா வாக்கு. இங்கே மொய் என்பது பத்திரிகை வந்த உறையிலேயே பணத்தைப் போட்டு, பந்தல் வாசலில் இருக்கும் பெட்டியில் சேர்ப்பது. இருபது டாலர் வைக்கலாம் என்று ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். கிழிசலை உள்பக்கம் மடித்து, ஒட்டி, போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். பத்துப் பேர் சேர்ந்தால்தான் அந்த மேசைக்குச் சாப்பாடு வரும். என் மேசையில் ஒன்பது பேர். பத்தாவது ஆளுக்காக முக்கால் மணி நேரம் வறுத்த முந்திரியைத் தின்றோம். பிறகு ஐஸ் கட்டி மிதக்கும் பீர், மடக்குக்கு ஒரு தடவை "ஜோல் மூய்" என்று எல்லோரும் கிளாஸை மோதிக்கொள்ள வேண்டும். கடைசியில் நடுவில் ஒரு மேசையை வைத்து எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். நானும் ஆடினேன். இருபது டாலர் தொலைந்த சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை கதவைத் தட்டினார் மிங். பழைய பைஜாமா. கையில் என் உறை.

"ஸோம் தோஹ், க்மூய்," என்றார். தோஷத்தைப் பொறுத்துக்கொள் என்பது போல ஒரு மன்னிப்பு. அதில் தோஹ் என்பது நம்முடைய தோஷமேதான். "இந்த நோட்டு கிழிந்திருக்கிறது. நீ பார்க்கவில்லை போல. மாற்றிக் கொடு."

உறையின் மேல் என் பெயர், அவரே கைப்பட எழுதியது. அதை நான் யோசிக்கவேயில்லை. சித்தப்பா ஊர் மொய்யில் நோட்டு கட்டோடு கலந்துவிடும். இங்கே ஒவ்வொரு நோட்டும் பெயர் போட்ட சட்டையோடு வந்து நிற்கிறது. புது நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஞாம் பாய் ஹாய் நௌ?" என்றார்.

"சா," என்றேன், பதற்றத்தில்.

கிழிந்த நோட்டு இன்னும் பர்ஸில் இருக்கிறது. நேற்று மிங்கின் தம்பி மகன் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையில் என் பெயரை இந்தத் தடவை கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார்.