கன்னியாவில் ஒரு வாளித் தண்ணீர்

புறாத்தீவுக்குத்தான் போனேன். கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறி, விடிய திருகோணமலையில் இறங்கி, நேரே நிலாவெளி. மார்கழிக் கடல் கரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. "இந்த வாடைக்காத்துக்க ஆர் ஐயா போட் விடுவான்? மேக்குப் பிறகு வாங்கோ" என்றார் படகுக்காரர். எனக்கு லீவு கிடைத்தது மார்கழியில்தானே!

வேறு வழியின்றி நண்பனின் சைக்கிள் கடையில் போய்க் குந்தினேன். உயர்தரம் ஒன்றாகப் படித்தவன். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கனடா, லண்டன். இவன் மட்டும் அதே ஊர், அதே கடை. பாவம் என்று நாங்கள் பேசிக்கொள்வதுண்டு. டியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பெருவிரலால் பொத்திக்கொண்டே, "பிளேன்டீ குடிப்பமா மச்சான்?" என்றான்.

பின்னேரம் ஐந்துக்கே கடையைப் பூட்டிவிட்டான். கோணேசர் கோயிலுக்கு நடந்தோம். பறங்கியர் 1622இல் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் போட்டுக் கட்டிய கோட்டைக்குள்ளால்தான் இன்றைக்கும் பாதை. ஒரு மான் என் பைக்குள் மூக்கை விட்டு, அர்ச்சனைக்கு வாங்கிய வெற்றிலையை உருவிக்கொண்டு போனது. வீட்டுக் கடன், பதவி உயர்வு, மகளின் பள்ளிக்கூடம் என்று சாமியிடம் நான் ஒப்புவித்து முடிக்கவே நேரம் போய்விட்டது. இவன் எப்போதோ வெளியே வந்து, இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கிறான்.

"நீ ஒண்டும் கேக்கேல்லையா?"

"வெள்ளிக்கு வெள்ளி வாறனான். ஒவ்வொருக்காலும் என்னத்தைக் கேக்கிறது?"

மறுநாள் விடியக் கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. நான் கிணற்றுக்குக் கிணறு வாளியோடு ஓடி, எதில் சூடு கூட என்று கைவிட்டுப் பார்த்தேன். அவன் முதலில் கைக்கெட்டிய கிணற்றிலேயே நின்று, கண்ணை மூடி, வாளி வாளியாகத் தலையில் ஊற்றினான். ஏழையும் பார்த்து முடித்து நான் திரும்பியபோது அவன் துவாயால் தலை துவட்டிக்கொண்டிருந்தான். நான் இன்னும் நனையவே இல்லை.

இரவு ரயிலுக்கு வெளிக்கிடும்போது அவன் மனைவி, "அண்ணே, கிண்ணியாத் தயிர், எருமைப்பால்" என்று பேப்பர் சுற்றிய சட்டி ஒன்றைத் தந்தார். கொழும்பு வரை அதைக் காலிடுக்கில் வைத்துக் காத்தேன். ஃபோன் பைக்குள்ளேயே கிடந்தது.