மகமைப் பத்துக் காசு

பள்ளி ஆண்டு மலருக்குப் பள்ளியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் பள்ளிக்கு எதிரே இருந்த பருத்திக் கடையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். "பேரெல்லாம் போட வேண்டாம் தம்பி" என்று அந்த வீட்டார் கேட்டுக்கொண்டதால், ஊர் வாயில் வழங்கியபடி 'பஞ்சு வீடு' என்றே சொல்கிறேன்.

பஞ்சு வீட்டுத் தாத்தா கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மாட்டுவண்டியில் பொதி ஏற்றியவர். வெள்ளைக்காரக் கம்பெனிகள் நம் பஞ்சை வாங்கிக் கப்பலேற்றிய காலம் அது. அவர் மகன், நாங்கள் 'முதலாளி' என்று கூப்பிட்டவர், அரவை மில் போட்டார். கையைச் சுடும் தொழில். எட்டயபுரத்தில் பாரதியாரின் அப்பா சின்னச்சாமி ஐயர் பஞ்சு மில் வைத்து நொடித்துப்போன கதை எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இவர்கள் எப்படியோ தாக்குப்பிடித்தார்கள்.

ஐப்பசி மழையை நம்பி விதைத்தால் மாசி, பங்குனியில் காய் வெடிக்கும். எங்கள் பக்கத்துக் கருங்கண்ணிப் பருத்திக்கு இழை குட்டைதான். ஆனால் மானாவாரியில் தாங்கி நிற்கும். தாட்டுத் தாட்டாக, அதாவது பெரிய பெரிய மூட்டையாக, வந்து இறங்கும் பருத்தியை அரைத்தால் 100 கிலோவுக்கு மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. கொட்டை மாட்டுக்கும் பருத்திப்பாலுக்கும் போகும். காட்டில் நிற்கும் மார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, அடுப்புக்கு.

மில் ஓடும் மாதங்களில் வகுப்புக்குள் பஞ்சு பறக்கும். தமிழய்யா தலை நிறைய எண்ணெய் தேய்த்து வருவார். மூன்றாவது பீரியடுக்குள் நரைத்துப்போவார். கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ஊரிலேயே போன் அந்த வீட்டில்தான். காலையில் விருதுநகர் விலையைக் கேட்டு, வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று அதில் எழுதிவைப்பார்கள். கணக்குப்பிள்ளை 'பறுத்தி' என்று எழுதுவார். தமிழய்யா பொறுக்காமல் சாக்பீஸ் கொடுத்து என்னை அனுப்புவார், திருத்திவிட்டு வர.

கடைசி எடுப்பு முடிந்து மார் பிடுங்குவதற்குள் நாங்கள் காட்டில் புகுந்து மிச்சம் மீதியைப் பொறுக்குவோம். வேறு கடைகளில் அதைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலம் சேவு கொடுப்பார்கள், அவ்வளவுதான். பஞ்சு வீட்டில் மட்டும் தராசு. சம்சாரி (எங்கள் பக்கம் விவசாயியை அப்படித்தான் சொல்வோம்) கொண்டுவரும் தாட்டுக்கு என்ன விலையோ, அதுதான் என் டவுசர்ப் பைப் பருத்திக்கும்.

1974இல், எட்டாம் வகுப்பு. நோட்டு வாங்கக் காசு வேண்டும். இரண்டு வாரம் பொறுக்கியதைக் கொண்டுபோனேன். நிறுத்து, கணக்குப் போட்டு, முதலாளி அதில் பத்துக் காசைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன முதலாளி?"

"மகமை. பள்ளிக்கூடத்துக்கு."

"நானே பள்ளிக்கூடத்துப் பையன்தானே?"

"அப்போ நீதாம்ல மொதல்ல குடுக்கணும்."

அழுதுவிட்டேன். ஆனாலும் அவர் திருப்பித் தரவில்லை. சம்சாரிக்கும் எனக்கும் ஒரே தராசு என்றால் மகமையும் ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. அப்போது அது எனக்கு அநியாயமாகத்தான் பட்டது. இன்றும் பாதி அப்படித்தான் படுகிறது.

மகமை எங்கள் பக்கத்து வியாபாரிகளிடம் பழைய வழக்கம். விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்கு ஒதுக்குவார்கள். காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை வீடுதோறும் பிடியரிசி வாங்கி வளர்ந்தது; அதுவும் அதே புத்திதான். நம் பள்ளியின் பெஞ்சுகளும், கிணற்று மோட்டாரும், அறிவியல் கூடத்து மேசையும் பருத்தி மகமையில் வந்தவை என்பதை ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் கணக்கு வாசித்தபோதுதான் தெரிந்துகொண்டேன். நான் தவளை அறுத்த மேசை!

அப்புறம் காய்ப்புழு வந்தது, மருந்துச் செலவு ஏறியது, பருத்தி எடுக்க ஆள் கிடைக்கவில்லை. காடெல்லாம் மக்காச்சோளம் ஆயிற்று. மில் நின்றது.

போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து போனபோது பேரன்தான் கடையில் இருந்தான். அதே கொட்டகையில் மக்காச்சோளம் வாங்குகிறான், நிறுவை மின்தராசில். அவன் கொடுத்த பில்லில் கடைசி வரி: மகமை.

பழைய பேரேடுகளைக் காட்டச் சொன்னேன். பரணிலிருந்து இறக்கினான். 1974ஐத் தேடினோம்.

"கரையான் தின்னுட்டு சித்தப்பா. பத்துக் காசுக்கு ரசீது வேணுமாக்கும்?" என்றான்.