கொட்டை எழுத்தும் அதன் உள்வெளியும்

யாழ்ப்பாண நகரின் எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் மதில்களிலும் மின்கம்பங்களிலும் தெரிகின்ற கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள், தனியார் கல்வி நிலைய விளம்பரங்கள், கோயில் திருவிழா அறிவித்தல்கள் யாவற்றுக்கும் ஒரே நோக்கம்தான்: மோட்டார் சைக்கிளில் விரைந்து போகிறவர் கண்ணிலும் எழுத்துப் பட வேண்டும். அதற்காக எல்லோரும் நாடுவது, கோட்டு முனைகளில் சிறு கால்கள் இல்லாத, சான்ஸ் செரிஃப் எனப்படும் தடித்த எழுத்தையே. ஆங்கிலத்தில் நிறைவேறுகிற அளவுக்கு அந்த நோக்கம் தமிழில் நிறைவேறுவதில்லை. இதைத் தமிழ் எழுத்தின் குறையாக நான் கருதவில்லை. தடிப்பை நாம் உண்டாக்குகிற முறையில்தான் பிழை இருக்கிறது.

ஆங்கிலத்தில் இவ்வகைக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு இம்பக்ட் என்ற எழுத்துரு. ஜெஃப்ரி லீ வடிவமைத்த இதனை, ஷெஃபீல்ட் நகரின் ஸ்டீவன்சன் பிளேக் எழுத்து வார்ப்பகம் 1965இல் வெளியிட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 1996இல் இணையத்துக்கென இலவசமாக வழங்கத் தொடங்கிய எழுத்துருத் தொகுதியில் இதுவும் இடம்பெற்றதால் எண்ணற்ற கணினிகளுக்குள் புகுந்து, பிற்காலத்தில் மீம் படங்களின் எழுத்தாகவே ஆகிவிட்டது. அதன் சிற்றெழுத்துகளின் உடல் உயரமானது. மேலேறுகிற, கீழிறங்குகிற கோடுகள் மிகக் குட்டையானவை. எழுத்துக்குள் இருக்கும் வெளி ஒரு கீற்றளவே. ஆகவே எழுத்துகளை நெருக்கியும் வரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியும் வைக்க முடிகிறது. தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமானது அரிது. ஒரு பத்தி முழுவதையும் இதில் அமைத்தால் எவராலும் வாசிக்க இயலாது.

இந்த உத்தியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. நமக்கு மேலே புள்ளியும் இகர ஈகார வளைவுகளும் உண்டு; கீழே உகர ஊகாரக் கொடிகள் உண்டு. அவற்றைக் குட்டையாக்கினால் டியும் டீயும் ஒன்றாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் சுழிகள். ‘கண்ணீர்’ என்ற சொல்லைப் பதாகையில் அருகே சென்று பாருங்கள். அச்சுக்கு அனுப்புபவர் மெல்லிய எழுத்துருவை எடுத்து, கோரல்ட்ரோ, போட்டோஷொப் போன்ற வடிவமைப்பு மென்பொருளில் அதைச் சுற்றி அதே நிறத்தில் ஒரு விளிம்புக்கோட்டை இட்டிருப்பார். அந்தக் கோடு எழுத்தின் வெளிப்புறத்தைப் பருக்கச் செய்வதோடு நில்லாமல் சுழிகளின் உட்புறத்தையும் அடைத்துவிடும். மூன்றுசுழி ணகரம் கறுப்புத் திட்டாகி, சற்றுத் தள்ளி நின்றால் இரண்டுசுழி னகரத்திலிருந்து பிரித்தறிய முடியாததாகிறது. அதன்மேல் இருந்த புள்ளியோ பருத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

உண்மையான தடித்த எழுத்துருவை வரைபவர் அதைப் பெருப்பிப்பதில்லை, மறுபடி வரைகிறார். நிமிர்ந்த கோடுகளுக்கு முழுத் தடிப்பைக் கொடுத்து, கிடைக் கோடுகளைச் சற்று மெலிய விடுகிறார். இரண்டு கோடுகள் கூடும் இடத்தில் மை தேங்கியதுபோல் தோன்றாதிருக்க அங்கே கொஞ்சம் செதுக்கி எடுக்கிறார். சுழியைத் திறந்து, எழுத்தை அகலப்படுத்தி, புள்ளியை மேலே தூக்கி வைக்கிறார். ஈய எழுத்துக் காலத்தில் இந்த வேலைக்குக் குறுக்குவழியே இருக்கவில்லை. தடித்த எழுத்து வேண்டுமானால் அதைத் தனியாக வெட்டி வார்க்க வேண்டும். 1841 முதல் ‘உதயதாரகை’ பத்திரிகை அச்சாகி வெளிவந்த மண்ணில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

அகலப்படுத்தினால் இன்னொரு தொல்லை வருகிறது. பேருந்தின் முகப்பில் ஆங்கிலத்தில் கே.கே.எஸ். என்று மூன்று எழுத்துகளோடு முடிந்துவிடுவது தமிழில் ‘காங்கேசன்துறை’ என்று பலகையின் விளிம்புவரை நீள்கிறது. ‘பருத்தித்துறை’ இன்னும் கடினம்; ‘தித்’ என்ற இடத்தில் இகர வளைவின் முனையும் அடுத்த தகரத்தின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். கணினியில் எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்கினால் நிமிர்ந்த கோடுகள் மட்டும் மெலிந்து அவலட்சணமாகும். ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழுவினரின் அனெக் தமிழ் எழுத்துரு இதற்கு நல்ல மாற்று: தடிப்பை அதற்குரிய அளவுகோலில் 100 முதல் 800 வரையும், அகலத்தை இயல்பான அகலத்தின் 75 முதல் 125 சதவீதம் வரையும் வேண்டியபடி மாற்றலாம், ஒடுங்கிய நிலையிலும் கோடுகள் தம் கனத்தை இழப்பதில்லை.

பாமினி போன்ற யூனிகோட்டுக்கு முந்திய எழுத்துருக்களில் பழகிய கைகள் இங்கே ஏராளம். அவற்றுள் பல ஒரே தடிப்பில் மட்டும் கிடைத்தபோது விளிம்புக்கோட்டைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்பது நியாயமே. இன்றோ பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரன் எழுத்துரு ஒன்பது தடிப்புகளில் இலவசமாகக் கிடைக்கிறது. முக்த மலரும் நோட்டோ சான்ஸ் தமிழும் அவ்வாறே பல தடிப்புகளில் உள்ளன. பலூ தம்பி என்ற எழுத்துருவும் நன்கு தடித்ததே; ஆனால் அதன் உருண்டைத்தனத்தில் ஒரு குதூகலம் இருக்கிறது. ஐஸ்கிறீம் கடைக்கு அது பொருந்தும், மரண அறிவித்தலுக்கு ஒருபோதும் பொருந்தாது.

மும்மொழிப் பலகை அமைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று மொழிகளுக்கும் ஒரே பொயின்ற் அளவைக் கொடுத்தால் சமமாகிவிடும் என்று எண்ணாதீர்கள். ஆங்கிலத்தை இம்பக்டில் இட்டுவிட்டு, பக்கத்தில் தமிழை மெல்லிய எழுத்தில் இட்டால் அளவு ஒன்றாயினும் தமிழ் மங்கியே தெரியும். நிமிர்ந்த கோடுகளின் தடிப்பை ஒப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு தமிழின் அளவைச் சற்றே கூட்டி, மேலும் கீழும் வளைவுகளுக்கு இடம் விட்டு, அச்சிடுமுன் ஒரு தாளில் எடுத்துத் தெருவின் மறுகரையில் நின்று வாசித்துப் பாருங்கள்.