சூ ஃபால்ஸில் சிக்கிய இடைவெளி இறங்கிவிட்டது

வண்டிகள் சாலைகளில் எப்படிப் பிரிந்து போகும் என்று கணக்கிடும் நிரல் ஒன்று எழுதுகிறேன். யாரும் பாதை மாற்றி நேரம் மிச்சப்படுத்த முடியாத சமநிலைதான் விடை; அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்ற அளவு சார்பு இடைவெளி. மூன்று வாரமாகத் தூங்கவிடாத அந்த இடைவெளி நேற்று ராத்திரி 0.00001-க்குக் கீழே போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

சாலை வலைப்பின்னல், இந்தத் துறையில் நாம் எல்லோரும் தொடங்கும் சோதனை மாதிரியான சூ ஃபால்ஸ்தான்: 24 முனைகள், 76 இணைப்புகள், 3,60,600 பயணங்கள். புதுச் சாலை போட்டால் எல்லோருக்கும் நேரம் கூடலாம் என்று காட்டும் பிரேயஸின் 6 வண்டிக் கணக்கில் (குறுக்குச் சாலை இல்லாமல் 83 நிமிடம், போட்டால் 92) நிரல் முதல் நாளே சரியான விடை தந்தது. இதுவும் ஒரு மாலை வேலை என்று நினைத்தேன்.

ஒவ்வொரு சுற்றிலும் அப்போதைய குறுகிய பாதைகளை நோக்கி ஓட்டத்தை நகர்த்தும் ஃபிராங்க்-வுல்ஃப் முறை முதல் சில சுற்றுகளில் சரசரவென இறங்கியது. அப்புறம் ஆயிரம் சுற்று ஓடியும் 0.0001 பக்கத்திலேயே நின்றது. எவ்வளவு தூரம் நகர்வது என்று பார்க்கும் படிநீளத் தேடலை எவ்வளவு நுணுக்கமாக்கியும் பயனில்லை. ஒவ்வொரு முறையும் எல்லாப் பயணத்தையும் குறுகிய பாதையில் கொட்டினால் திசை இப்படியும் அப்படியும் ஆடத்தான் செய்யும்.

சரி என்று, முந்தைய திசையையும் கலக்கும் கான்ஜுகேட் முறைக்கு மாறினேன். அதுவும் ஊர்ந்தது! கலப்பு எடைக்கு ஒவ்வோர் இணைப்பிலும் பயண நேரத்தின் வகைக்கெழு (ஓட்டம் கூடும்போது நேரம் கூடும் வீதம்) வேண்டும். நெரிசலில் பயண நேரம் எப்படிக் கூடும் என்று சொல்லும் பிபிஆர் சூத்திரத்தில் அது தடையற்ற நேரத்தை 0.6-ஆலும், ஓட்டம்-கொள்ளளவு விகிதத்தின் மும்மடியாலும் பெருக்கி, கொள்ளளவால் வகுத்தது. அந்தக் கடைசி வகுத்தலை விட்டிருந்தேன். பிழைச் செய்தி எதுவும் வராது. படிநீளத் தேடல் இருப்பதால் குறிக்கோள் மதிப்பும் (முறை சிறிதாக்கப் பார்க்கும் எண்) சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வரும். திசை மட்டும் கெட்டுக்கிடக்கும். கடைசியில் ஓட்டத்தைத் துளி நகர்த்தி வகைக்கெழுவை நேரடியாக அளந்து, என் மதிப்போடு ஒப்பிட்டேன். 1-இலிருந்து 2-க்குப் போகும் இணைப்பில் இரண்டுக்கும் விகிதம் 25,900. அந்த இணைப்பின் கொள்ளளவேதான்! அதே வலைப்பின்னலில் ஐயாயிரத்துக்கும் குறைந்த கொள்ளளவு உள்ள இணைப்புகளும் இருக்கின்றன, எடை உருப்படுமா?

திருத்தியதும் சில நூறு சுற்றில் முடிந்தது. குறிக்கோள் மதிப்பு 42,31,335, வெளியிடப்பட்ட விடையேதான். எடைக்கு 0.99 உச்சவரம்பு போடுங்கள்; படிநீளம் 1 ஆகிவிட்டால் பழைய திசையை மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

அமைப்பு உகப்பை (எல்லோருடைய மொத்த நேரமும் மிகக் குறைவாகும் பங்கீட்டை) இதில் இன்னும் ஓட்டவில்லை. ஆனால் கை அதற்குள் சிகாகோ ஸ்கெட்ச் என்ற பெரிய சோதனை வலைப்பின்னலுக்குப் போய்விட்டது: 933 முனைகள், 2,950 இணைப்புகள். கிட்ஹப்பில் சூ ஃபால்ஸ் இருக்கும் அதே தொகுப்பில் கிடைக்கிறது. அதில் 388-க்குக் கீழே எண் உள்ள முனைகள் மண்டலங்கள் (பயணம் தொடங்கும், முடியும் இடங்கள்), பாதை அவற்றை ஊடுருவக் கூடாது. குறுகிய பாதை தேடும் என் டைக்ஸ்ட்ரா நிரலுக்கு அது தெரியாது, இன்று ராத்திரி அதைத்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்.