'அமலுக்கு வந்தது': நான்கு கேள்வியில் கோட்டைவிட்ட கதை

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வை முதல் தடவை எழுதியபோது எனக்கு இங்கிலீஷ் பற்றிப் பெரிய பயம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழிதான். ஆனாலும் டென்ஸ், வாய்ஸ், டைரக்ட் இன்டைரக்ட் எல்லாம் தலைகீழாகப் பாடம். டயர் ஒன்று என்கிற முதல் கட்டத் தேர்வில் இங்கிலீஷ் 25 கேள்வி, கேள்விக்கு 2 மார்க், தப்பாகப் போட்டால் அரை மார்க் பிடிப்பார்கள். இருபதுக்கு மேல் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

விடைக்குறிப்பு வந்த அன்று ரெஸ்பான்ஸ் ஷீட்டைத் திறந்தேன். நாம் எதை டிக் செய்தோம், சரியான விடை எது என்று கேள்வி கேள்வியாகக் காட்டும் அல்லவா, அது. ஒன்பது தப்பு. அதில் நான்கு ஒரே நோய், எல்லாம் வாக்கியத்தில் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்கிற எரர் ஸ்பாட்டிங் கேள்வி, தப்பே இல்லையென்றால் 'நோ எரர்' போட வேண்டும். தேர்வில் வந்த கேள்வியை இங்கே போடவில்லை, அதே அச்சில் ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன்: 'தி நியூ ரூல்ஸ் கேம் டு ஃபோர்ஸ் லாஸ்ட் மந்த்.' நான் 'நோ எரர்' போடுகிற ஆள். ஏன் போட்டேன் என்பதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மனசுக்குள் 'அமலுக்கு வந்தது' என்று சொல்லிப் பார்த்தேன். வந்தது என்றால் கேம், 'க்கு' என்றால் டு, அமல் என்றால் ஃபோர்ஸ். சட்டை மாதிரிப் பொருந்தியது. சரியான விடை 'கேம் இன்டு ஃபோர்ஸ்'.

எங்கள் ஊர் மாவட்ட நூலகத்தில் மாடி அறையில் காலையிலிருந்து இரவு வரை போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம் உட்கார்ந்திருக்கும். அங்கே ஒரு அண்ணன், மூன்றாவது முறை எழுதுகிறவர். அவரிடம் புலம்பினேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த தமிழ்ப் பேப்பரை மடித்து வைத்தார்.

"தம்பி, 'விற்பனைக்கு வந்தது', சொல்லு பார்ப்போம்."

"கேம் டு சேல்."

"'வழக்கு விசாரணைக்கு வந்தது'?"

"கேம் டு ஹியரிங்... தப்பாண்ணே?"

"எல்லாத்துக்கும் ஒரே டு-வா? உனக்கு டு-வை விட்டா வேற ஒண்ணுமே தெரியாதா?"

பிறகு பேப்பரின் ஓரத்திலேயே எழுதிக் காட்டினார். முடிவுக்கு வந்தது, 'கேம் டு அன் எண்ட்'. அமலுக்கு வந்தது, 'கேம் இன்டு ஃபோர்ஸ்'. விற்பனைக்கு வந்தது, 'வென்ட் ஆன் சேல்'. இங்கே வினைச்சொல்லே மாறிவிடுகிறது, நமக்கு வருவது அவர்களுக்குப் போகிறது. விசாரணைக்கு வந்தது, 'கேம் அப் ஃபார் ஹியரிங்'. தமிழில் நான்கிலும் அதே 'க்கு', அதே 'வந்தது'. அங்கே டு, இன்டு, ஆன், ஃபார் என்று நான்கு வேறு வேறு ப்ரிபோசிஷன்.

அன்று ராத்திரியே 'இல்' என்ற உருபை எடுத்துக்கொண்டு நானும் அதே மாதிரி போட்டுப் பார்த்தேன். தொடர்பில் இரு, 'கீப் இன் டச்'. விடுப்பில் இருக்கிறார், 'ஆன் லீவ்'. உயிர் ஆபத்தில் இருக்கிறது, 'அட் ரிஸ்க்'. நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது, 'அண்டர் கண்ட்ரோல்'. கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, அதுவும் 'அண்டர் கன்சிடரேஷன்'. நம் அலுவலகங்களில் 'ஹி இஸ் இன் லீவ்' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். எல்லாம் இந்த 'இல்' செய்கிற வேலை.

கோச்சிங் கிளாஸில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், தமிழில் யோசிக்காதே, இங்கிலீஷில் யோசி என்று. என்னால் முடியவில்லை. இருபது வருடம் தமிழில் யோசித்த மண்டை தேர்வுக்காக ஆறு மாதத்தில் மாறிவிடுமா? அதனால் நேர் எதிராகச் செய்தேன். தமிழையே அலாரமாக வைத்துக்கொண்டேன். ஒரு வாக்கியத்தைப் படிக்கும்போது மனசுக்குள் 'க்கு' என்றோ 'இல்' என்றோ வந்து உட்கார்ந்தால், அங்கேதான் தப்பு ஒளிந்திருக்கும் என்று பேனாவை நிறுத்துவேன்.

நோட்டும் அப்படித்தான் போட்டேன். இங்கிலீஷ் அகரவரிசை கிடையாது. 'க்கு' என்று சில பக்கம், 'இல்' என்று சில பக்கம். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ், ப்ரிபோசிஷனைச் சுற்றிச் சிவப்பு வட்டம். காலையில் பஸ்ஸில் வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். பெரிய வினைச்சொற்களெல்லாம் வேண்டாம். கம், கோ, டேக், புட், பிரிங், கீப், செட், ஃபால் என்று ஒரு எட்டுப் பத்துக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன.

எழுதி எழுதி நூறு தாண்டியபோது ஒன்று பிடிபட்டது. யாரும் எனக்குச் சொல்லித் தராதது. ஒரு நிலைக்குள் நுழைவது இன்டு என்றால், நுழைந்த பிறகு அங்கே இருப்பது இன். 'கம் இன்டு ஃபோர்ஸ்', வந்த பிறகு 'பி இன் ஃபோர்ஸ்'. 'கெட் இன்டு ட்ரபிள்', மாட்டிக்கொண்ட பிறகு 'இன் ட்ரபிள்'. 'கம் இன்டு கான்டாக்ட்', பிறகு 'இன் கான்டாக்ட்'. அதே மாதிரி டு என்று போய்ச் சேர்ந்தால், சேர்ந்த இடத்தில் அட். 'கோ டு வார்', பிறகு 'அட் வார்'. 'கேம் டு எ ஸ்டாண்ட்ஸ்டில்', பிறகு 'அட் எ ஸ்டாண்ட்ஸ்டில்'. ஸ்டேஷனுக்குப் போவது டு, ஸ்டேஷனில் நிற்பது அட், அதே கணக்குதான். ஆன் மட்டும் மாறாது. 'கோ ஆன் ஸ்ட்ரைக்', 'பி ஆன் ஸ்ட்ரைக்'. இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. காதலில் விழுவது 'ஃபால் இன் லவ்'தான், இன்டு போட்டால் மார்க் போச்சு. 'புட் அட் ரிஸ்க்' என்பதிலும் டு வராது. இப்படி அடங்காதவற்றைக் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதினேன், ஒன்றரைப் பக்கம்கூட வரவில்லை.

அடுத்த பொறி ஆர்ட்டிகிள். 'கேம் டு எண்ட்' என்று போட்டு 'அன்' விட்டுவிடுவார்கள், நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, தமிழில் ஆர்ட்டிகிளே இல்லையே. ஆனால் 'கேம் டு லைட்' என்பதில் எதுவும் கிடையாது, 'கெப்ட் இன் தி டார்க்' என்பதில் 'தி' உண்டு. இதற்கு விதி தேடி ஒரு வாரம் வீணாக்கினேன். நீங்கள் தேடாதீர்கள், முழுத் தொடராக வாயில் ஏற்றுங்கள். ஒருமை பன்மையும் அப்படித்தான்: 'பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்', 'கம் டு டெர்ம்ஸ்', இரண்டிலும் கடைசி 'ஸ்' போனால் தப்பு.

வருவது, கொண்டுவருவது என்ற ஜோடிக்குத் தமிழ் கைகொடுக்கும். உண்மை வெளிச்சத்துக்கு வந்தது, 'கேம் டு லைட்'. ஒருவர் கொண்டுவந்தார் என்றால் 'பிராட் டு லைட்'. முடிவுக்குக் கொண்டுவருவதும் 'பிரிங் டு அன் எண்ட்'தான். எரர் ஸ்பாட்டிங்கில் 'தி ட்ரூத் வாஸ் கம் டு லைட்' என்கிற மாதிரி வந்தால், 'வெளிச்சத்துக்கு வரப்பட்டது' என்று யாராவது தமிழில் சொல்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். 'கொண்டுவரப்பட்டது' என்றுதானே சொல்வோம், அங்கேயும் 'வாஸ் பிராட்'தான் வரும்.

'டேக் இன்டு அக்கவுண்ட்' பற்றி ஒரு வார்த்தை. 'டேக் தி காஸ்ட் இன்டு அக்கவுண்ட்' என்று நடுவில் பெயர்ச்சொல் புகுந்தாலும் சரி. அந்தப் பெயர்ப்பகுதி நீளமாக இருந்தால் 'அக்கவுண்ட்'டுக்குப் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதுவும் சரி. இரண்டையும் தப்பென்று டிக் செய்து நான் மாக் டெஸ்டில் மார்க் விட்டிருக்கிறேன். 'ஆன் அக்கவுண்ட் ஆஃப்' வேறு ஆள், அதற்குக் காரணமாக என்று பொருள்.

தேர்வுக்கு முந்தைய பத்து நாள் புதிதாக எதுவும் சேர்க்கவில்லை. ஆங்கில நாளிதழில் தலையங்கம் ஒன்றை எடுத்து, இந்த மாதிரித் தொடர்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு, அவற்றைத் தமிழில் எழுதிவைப்பேன். மறுநாள் அந்தத் தமிழைப் பார்த்துத் திரும்ப இங்கிலீஷாக்கிப் பேப்பரோடு ஒப்பிடுவேன். அரை மணி நேரம் போதும். அடுத்த கட்டமான டயர் இரண்டில் இங்கிலீஷ் 45 கேள்வி, கேள்விக்கு 3 மார்க், தப்புக்கு 1 மார்க் பிடித்தம் என்பதால் இந்த அரை மணி நேரம் எனக்குக் கணக்குப் பாடத்தைவிட லாபமாக இருந்தது.

இரண்டாவது முறை டயர் ஒன்று இங்கிலீஷில் மூன்று தப்பு. இரண்டு ஸ்பெல்லிங். மூன்றாவது இந்த வகைதான்: 'பர்ஸ்ட் இன்டு லாஃபிங்' மாதிரி ஒன்றைச் சரியென்று விட்டுவிட்டேன். 'பர்ஸ்ட் இன்டு லாஃப்டர்' அல்லது 'பர்ஸ்ட் அவுட் லாஃபிங்' என்று வந்திருக்க வேண்டும். தமிழில் அது 'வெடித்துச் சிரித்தான்'. 'க்கு'வும் இல்லை, 'இல்'லும் இல்லை, என் அலாரம் அடிக்கவே இல்லை.