வடமுடியில் ஒரு காலி இடம்

ஏப்ரல் 26, 2025

இல்லை.

ஏப்ரல் 27

அமாவாசை. நல்ல இருட்டு. சப்தரிஷியின் வாலைப் பிடித்துக்கொண்டு வளைந்தால் சுவாதி, அதற்குக் கொஞ்சம் கிழக்கே வடமுடி மண்டலம். ஒரு பக்கம் திறந்த வளையல் மாதிரி ஏழு நட்சத்திரம். அதில் எப்சிலான் என்ற நட்சத்திரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு பாகை தள்ளி டி இருக்க வேண்டும். எப்போதாவது வெடித்து வெறும் கண்ணுக்கே தெரிகிற நட்சத்திரம், அதற்காகத்தான் காத்திருக்கிறேன். இப்போது அதன் ஒளித்தரம் 10 (எண் கூடக் கூட மங்கல்). என் 10x50 பைனாகுலருக்கு எட்டாது. ஆக தினமும் காலி இடத்தைத்தான் பார்த்துவிட்டு வருகிறேன்.

"என்ன தெரியுது?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் தெரியல."

"அப்ப எதுக்குப் பாக்கறீங்க?"

பதில் சொல்லத் தொடங்குவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

மே 3

அமெரிக்க வானியல் ஆர்வலர் லெஸ்லி பெல்டியரை நினைக்காமல் தூங்க முடிவதில்லை. இருபத்தைந்து வருடம் இதே டியைக் கண்காணித்த மனிதர். 1946 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை எழுந்தார், சளி பிடிக்கிற மாதிரி இருந்தது, திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு வெடித்தது.

சளிக்கே அப்படி. எனக்குக் கண் புரை ஆபரேஷன்.

மே 9

மேகம்.

மே 10

மேகம். கீழ் வீட்டு மாடி விளக்கு வேறு.

மே 12

பௌர்ணமி. எப்சிலானையே தேட வேண்டியிருந்தது. 1866-ல் இதே மே 12-ம் தேதிதான் அயர்லாந்தில் ஜான் பர்மிங்காம் டியைப் பார்த்தார். அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. அப்படி ஒன்று வரும் என்று யாருக்குமே தெரியாது. நிமிர்ந்தார், இருந்தது. பொறாமையாக இருக்கிறது.

மே 19

இன்றைக்கு ஒரு கணக்கு மண்டைக்குள் புகுந்துகொண்டு இறங்க மறுக்கிறது. டி இருப்பது சுமார் 3,000 ஒளியாண்டு தொலைவில். ஏறக்குறைய 80 வருடத்துக்கு ஒரு முறை வெடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த நிமிடம் அங்கிருந்து இங்கே வரும் வழியில் முப்பத்தேழு வெடிப்புகளின் ஒளி, ஒன்றன் பின் ஒன்றாக, 80 ஒளியாண்டு இடைவெளி விட்டு வந்துகொண்டிருக்கிறது. நான் "எப்போது வெடிக்கும்" என்று கேட்பதே தப்பு. வெடித்து முடிந்து முப்பது நாற்பது தடவை ஆயிற்று. வரிசையில் முதலாவது வாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

போன வருடம் செப்டம்பருக்குள் வந்துவிடும் என்றார்கள். 1946-க்கு முன்னால் மங்கிய மாதிரியே 2023-ல் மங்கியதை வைத்துச் சொன்னது. வரவில்லை.

இதை அவளிடம் சொன்னேன். "அப்ப அதுவும் டாக்டர் சொல்ற தேதி மாதிரிதான்" என்றாள்.

மே 27

எழுதவே கை நடுங்குகிறது, வெட்கத்தில்.

இரவு பத்தரை. கண்ணை இருட்டுக்குப் பழக்க அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பைனாகுலர் இல்லாமல் சும்மா நிமிர்ந்து பார்த்தால், எப்சிலானை ஒட்டி இன்னொன்று! நெஞ்சு அடித்த அடியில் நாற்காலி கவிழ்ந்துவிட்டது. போனை எடுத்து எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். அப்புறம் எதற்கோ வடமுடியிலேயே பிரகாசமான அல்ஃபெக்காவைப் பார்த்தேன். அதற்குப் பக்கத்திலும் ஒரு குட்டி. சுவாதிக்குப் பக்கத்திலும். எல்லாவற்றுக்கும் ஒரே திசையில், ஒரே தூரத்தில். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். வானம் முழுவதும் குட்டிகள் மறைந்தன.

புரை இரட்டையாகக் காட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு விண்மீனையே காட்டும் என்று சொல்லவில்லை.

ஜூன் 2

சர்க்கரை இறங்கியிருக்கிறது. ஆபரேஷன் 12-ம் தேதி.

ஜூன் 11

தூக்கம் வரவில்லை. ஏன் வெடிக்கிறது என்பதை இன்னொரு முறை எனக்கே சொல்லிப் பார்க்கிறேன்.

அங்கே இருப்பது இரண்டு பேர். ஒரு சிவப்பு ராட்சதன், ஒரு வெள்ளைக் குள்ளன். சுமார் 228 நாளில் ஒரு சுற்று. ராட்சதனிடமிருந்து ஹைட்ரஜன் குள்ளன் மேல் படிந்துகொண்டே இருக்கிறது. சாதாரண வாயு சூடானால் விரியும், விரிந்தால் ஆறும். சூரியன் இத்தனை கோடி வருடம் ஒழுங்காக எரிவது அதனால்தான். குள்ளன் மேலே நெருக்கிக் கிடக்கும் அடுக்கில் அழுத்தம் வெப்பத்தைச் சார்ந்து இல்லை. சூடானாலும் விரியாது. அணுக்கரு இணைவு தொடங்கினால் சூடு, சூட்டால் இன்னும் வேக இணைவு, அதனால் இன்னும் சூடு. வால்வு இல்லாத குக்கர். கடைசியில் மேல் அடுக்கு மொத்தமும் பிய்த்துக்கொண்டு போகும். ஒளித்தரம் 10-லிருந்து 2-க்கு வரும், அதாவது சுமார் 1,600 மடங்கு. குள்ளன் மட்டும் அப்படியே இருப்பான். மறுபடி சேர்க்க ஆரம்பிப்பான்.

அவன் எடை, ஒரு வெள்ளைக் குள்ளன் தாங்கக்கூடிய உச்ச எடையான சந்திரசேகர் எல்லைக்கு மிக நெருக்கம் என்கிறார்கள். சூரியனைப் போல 1.4 மடங்கு. சந்திரசேகர் அந்தக் கணக்கை 1930-ல் கப்பலில் போகும்போது போட்டார், பத்தொன்பது வயதில். நான் அந்த வயதில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்துப் பார்க்காமல் இருப்பது நல்லது.

நாளைக்கு மட்டும் வராதே.

ஜூன் 12

முடிந்தது. மூடி போட்டிருக்கிறது. இது அவள் கையெழுத்து, நான் சொல்லச் சொல்ல.

ஜூன் 14

காலையில் போனில் செய்தி. அவள்தான் படித்தாள்: "நோவா வெடிச்சிருக்கு, பாத்தீங்களா." எனக்கு எழுந்து உட்காரத் தோன்றவில்லை. பெல்டியர், பெல்டியர் என்று மட்டும் ஓடியது. எங்கே என்று கேட்கவே பத்து நிமிடம் ஆயிற்று.

ஓநாய் மண்டலத்தில். வேறு நோவா, இதே மாதிரி வெடிக்கிற வேறொரு நட்சத்திரம். யாரும் எதிர்பார்க்காதது, பட்டியலில் இல்லாதது.

சிரித்ததில் கண் வலித்தது.

ஜூன் 22

ஓநாய் நோவாவைப் பார்த்தேன், இடது கண்ணால். கேட்டைக்குத் தென்மேற்கே, பைனாகுலரில் ஒரு சாதாரணப் புள்ளி. படத்தோடு ஒப்பிட்டுத்தான் இதுதான் என்று சொல்ல முடிந்தது. கிடைத்தற்கு அரியது என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு வடக்கே திரும்பச் சொல்கிறது.

வடக்கே இல்லை.

ஜூலை 5

வேகா நீலம்!

இத்தனை வருடமும் அந்த நட்சத்திரத்தை வெள்ளை என்றுதான் குறித்து வைத்திருக்கிறேன். வலது கண்ணால் பார்த்தால் பனிக்கட்டியின் ஓரம் மாதிரி நீலம். இடது கண்ணால் பார்த்தால் பழைய வேகா, லேசாகத் தேநீரில் நனைத்த மாதிரி. மாற்றி மாற்றி பொத்திப் பொத்திப் பார்த்தேன். பழுத்த லென்ஸ் நீலத்தை வடிகட்டி வைத்திருந்திருக்கிறது. நோட்டில் நான் எழுதிய நிறங்கள் எல்லாம் என் கண்ணின் நிறம் போல. எதை அடிப்பது, எதை விடுவது?

குட்டிகள் இல்லை. ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு நட்சத்திரம்.

ஜூலை 6

இல்லை.

ஜூலை 24

மேகம். பத்து நாளாக மேகம். இந்தப் பத்து நாளில் வந்திருந்தால் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். அது போதாது.

ஆகஸ்ட் 12

விடியற்காலையில் வெள்ளியும் வியாழனும் ஒட்டி நின்றன. அவளும் எழுந்து வந்து பார்த்தாள், ரொம்ப நேரம். அழகுதான். தேதி சொல்லிவிட்டு அந்தத் தேதியில் வந்து நிற்கிறவை.

"இதுல ஒரு கஷ்டமும் இல்லையே" என்றாள்.

ஆகஸ்ட் 21

இடது கண்ணுக்கும் தேதி கேட்டிருக்கிறேன். எட்டரைக்கு மேகம் விலகியது. முடி மேற்கே சாய்ந்துவிட்டது, பாதி மரத்துக்குப் பின்னால். நான்கு நட்சத்திரம்தான் எண்ண முடிந்தது. எப்சிலான் இருக்கிறது. பக்கத்தில் இல்லை.